டியோவா, ஆஸியா? ராக், மெட்டல் பாடகர்களை ஒப்பிடுவதற்கு முன்

செங்கோட்டை, தென்காசி, புளியரைப் பக்கம் ராக், மெட்டல் கேட்கும் இளவட்டங்கள் இன்று நிறைய. மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம், திருவனந்தபுரம், கொச்சி என்று படிக்கப் போகிறவர்கள் மதர்ஜேன், அவியல், தைக்குடம் பிரிட்ஜ் போன்ற கேரளக் குழுக்களின் பாட்டோடு பாலருவி எக்ஸ்பிரஸில் ஊர் திரும்புகிறார்கள். அங்கிருந்து அயர்ன் மெய்டன், பிளாக் சபாத், ஜின்ஜர் என்று வெளிநாட்டு மெட்டல் குழுக்களுக்குப் போய்விடுகிறார்கள். போன கையோடு ஒரு வாக்குவாதமும் தொடங்கிவிடும்: யார் பெரிய பாடகர்? பிளாக் சபாத்தில் முதலில் பாடிய ஆஸி ஆஸ்பர்னா, அவருக்குப் பின் வந்த ரானி ஜேம்ஸ் டியோவா?

ஒருவர் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று பேசுவார். இன்னொருவர், அந்த ஆள் மேடையில் வந்து நின்றால் கண்ணை எடுக்க முடியவில்லை என்பார். மூன்றாமவர் யூடியூபில் பார்த்த ஒரு பட்டியலை நீட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "இதெல்லாம் வெறும் கத்தல்தானப்பா, இதில் பெரியவன் என்ன சின்னவன் என்ன" என்று முடித்துவைப்பார். நால்வரும் நான்கு வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்த வாக்குவாதம் இன்னும் சுவாரசியமாகும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இசை இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குரல் பிறக்கும் இடம்

நாதஸ்வரத்தை அருகில் பார்த்தவர்களுக்கு மனிதக் குரல் எளிதில் பிடிபடும். வித்துவானின் மூச்சு உள்ளே போகிறது. அந்த மூச்சில் சீவாளி துடிக்கிறது. துடிப்பில் பிறந்த ஒலி உளவுக்குள் ஓடி, அணசு வழியாக வெளியே வருகிறது. சீவாளியை மட்டும் கழற்றி ஊதினால் பீ என்று ஒரு கீச்சொலிதான் வரும். அதற்குக் கனமும் நிறமும் கொடுப்பது அந்த நீண்ட மரக்குழல்.

நம் உடம்பிலும் இதே மூன்று பாகங்கள் உண்டு. மூச்சைத் தருவது நுரையீரல். சீவாளியின் இடத்தில் இருப்பவை குரல்நாண்கள்: தொண்டையின் குரல்வளைக்குள் எதிரெதிரே இருக்கும் இரண்டு சதை மடிப்புகள். வளர்ந்த ஆணுக்கு இவை ஏறத்தாழ 2 செ.மீ. நீளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. சுருதி சேர்க்கப் பயன்படும் 440 ஹெர்ட்ஸ் சுரத்தை ஒருவர் பாடினால், இந்த மடிப்புகள் நொடிக்கு 440 முறை திறந்து மூடுகின்றன. உளவின் இடத்தில் இருப்பது தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகள். நாக்கையும் தாடையையும் உதட்டையும் அசைத்து இந்த அறைகளின் வடிவத்தை நாம் மாற்றுகிறோம். அறையின் வடிவத்துக்கு ஏற்ப சில அதிர்வெண்கள் பெருகுவதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

ஆபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தின் பாடகர் ஒருவர் மைக் இல்லாமலே ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்பது இந்த ஒத்ததிர்வால்தான். பயிற்சியால் தொண்டையின் வடிவத்தை மாற்றி, 3000 ஹெர்ட்ஸ் அருகே தன் குரலின் வலுவைக் குவிக்கிறார். வாத்தியக் குழுவின் வலு பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால், அந்த இடத்தில் அவருக்குப் போட்டி குறைவு. நம் காதும் அந்தப் பகுதியில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும்.

மெட்டல் பாடகருக்கு அந்த வசதி கிடையாது. டிஸ்டார்ஷன் ஏற்றிய, அதாவது ஒலியை வேண்டுமென்றே முரடாக்கிய இரண்டு கிட்டார்கள் நடுப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன; தாளத் தட்டுகள் மேல்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. இந்த நெரிசலில் குரல் தனியாகத் தெரிய வேண்டுமானால், ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபர்டைப் போல உச்சத்துக்கு ஏறலாம். அல்லது குரலின் தன்மையையே முரடாக்கிக்கொள்ளலாம். இந்த இசையில் இவ்வளவு உச்சமும் இவ்வளவு உறுமலும் இருப்பதற்கு, கோபமும் ஆவேசமும் மட்டும் காரணமல்ல. சத்தத்துக்கு நடுவே இடம் பிடிக்க வேண்டிய தேவையும் ஒரு காரணம்.

ஆக, குரல் என்பது மூச்சு, அதிர்வு, ஒத்ததிர்வு மூன்றும் சேர்ந்தது. "நல்ல குரல்" என்று நாம் சொல்லும்போது இவற்றில் எது நம்மைப் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதாகத்தான் இருக்கும்.

வீச்சைக் கொண்டு அளப்பதில் உள்ள கோளாறு

ஒரு பாடகர் எட்டக்கூடிய மிகக் கீழான சுரத்துக்கும் மிக மேலான சுரத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் வீச்சு. நம் வழக்கில் மந்தர, மத்திய, தார ஸ்தாயி என்று சொல்வோமே, அந்த ஸ்தாயிக் கணக்கில் இதை அளப்பார்கள். எண்ணாகச் சொல்ல முடிவதால் எல்லோரும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். 2014இல் இணையத்தில் பரவிய ஒரு பட்டியல் கன்ஸ் அண்டு ரோஸஸின் ஆக்ஸல் ரோஸை முதலிடத்தில் வைத்தது. கொஞ்ச நாளிலேயே, இல்லை, ஃபெய்த் நோ மோரின் மைக் பாட்டன்தான் அவரைவிட அகலம் என்று மறுப்பு வந்தது. இரண்டுமே, பதிவான பாட்டில் எங்காவது ஒரு மூலையில் ஒருமுறை கேட்ட முனகலையும் கீச்சையும் சேர்த்து எண்ணியவை.

எட்டுவது வேறு, புழங்குவது வேறு. ஒரு பாடகர் மணிக்கணக்கில் சிரமமில்லாமல், வார்த்தை தெளிவாக, உணர்ச்சியோடு பாடக்கூடிய பகுதிக்கு டெசிட்டூரா என்று பெயர். ஒரு பாட்டின் பெரும்பகுதி நடப்பது இங்கேதான். மூன்றரை ஸ்தாயி எட்டினாலும் ஒன்றரை ஸ்தாயிக்குள்தான் சுகமாகப் பாட முடியும் என்றால், அந்த மிச்சம் காட்சிக்கு மட்டும்தான்.

குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரியை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்தாயி பாடுவார் என்று பல காலமாகச் சொல்லிவந்தார்கள். 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அவருடைய பதிவுகளைக் கருவிகொண்டு அளந்தார்கள். கிடைத்தது 37 அரைச்சுரங்கள், அதாவது மூன்று ஸ்தாயிக்குச் சற்று அதிகம். நான்கை உறுதிப்படுத்த முடியவில்லை. பேட்டிகளில் அவர் பேசிய குரலை அளந்தபோது சராசரி 117 ஹெர்ட்ஸ் அருகே வந்தது. அப்படியானால் இயல்பில் அவருடையது நடுத்தரக் கனமுள்ள ஆண் குரல், பாரிடோன். பாட்டில் நாம் கேட்டது டெனர் எனப்படும் உயர்ந்த ஆண் குரலை. இயற்கை கொடுத்த இடத்தை விட்டு மேலே குடியேறி, அங்கேயே வாழ்நாள் முழுக்கப் பாடிய மனிதர் அவர். நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது குரல் மேலும் கீழுமாக மெல்ல அசைவதற்கு வைப்ரேட்டோ என்று பெயர். பயிற்சி பெற்ற பாடகர்களுக்கு அது பெரும்பாலும் நொடிக்கு 5 முதல் 7 முறைக்குள் இருக்கும். அவருக்கு அது 7ஐத் தொட்டது, சீராகவும் இல்லை. கேட்ட உடனே அவர் குரலை அடையாளம் காண்பதற்கு இந்த நடுக்கமும் ஒரு காரணம். வீச்சு எத்தனை ஸ்தாயி என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

சுருங்கச் சொன்னால், வீச்சு ஒரு பாடகரைப் பற்றி ஒரே ஒரு தகவலைத் தருகிறது. அந்த உயரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை அது சொல்வதில்லை.

கத்தல் என்று தோன்றுவது என்ன?

பெரியவர் சொன்ன அந்தக் "கத்த"லுக்கு இப்போது வருவோம். இந்த இசையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி இதுதான், நியாயமில்லாமல்.

குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு இணை மடிப்புகள் உண்டு. பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். பேசும்போது அவை ஒதுங்கி இருக்கும். கனமான பொருளைத் தூக்கும்போதும் இருமும்போதும் இறுகும். டெத் மெட்டல் பாடகர்களின் அடிவயிற்று உறுமலில் பெரும்பாலும் இந்த மடிப்புகள்தான் துடிக்கின்றன. தடிமனானவை என்பதால் மெதுவாகவும் ஒழுங்கற்றும் துடிக்கும். அந்த ஒழுங்கின்மைதான் நமக்கு உறுமலாகக் கேட்கிறது. ரஷ்யாவின் துவா பகுதித் தொண்டைப் பாடகர்கள் கர்கிரா என்ற அடித்தொனிக்கும் இதே மடிப்புகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். உறுமல் மெட்டல்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல.

ஃப்ரெடி ஆய்விலும் இது வருகிறது. அவரைப் போலவே பாடக்கூடிய ஒரு ராக் பாடகரின் தொண்டைக்குள் சிறு கேமராவைச் செலுத்தி, நொடிக்கு 4000க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அந்தக் கரகரப்பு வரும்போது மேல் மடிப்புகளும் சேர்ந்து துடிப்பது தெரிந்தது. சுரம் இருக்கிறது, அதன்மேல் ஒரு முரட்டுத்தனமும் படிகிறது: இது கரகரப்பு. சுரம் கிட்டத்தட்ட மறைந்து முரட்டுத்தனம் மட்டும் மிஞ்சினால் அது உறுமல்.

வெளியே இருந்து கேட்பவருக்கு நம்பக் கஷ்டமான ஒன்று: முறையாகக் கற்றவர் உறுமும்போது சத்தம் அவ்வளவு அதிகமாக இருக்காது. பக்கத்தில் நின்று மைக் இல்லாமல் கேட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். பெருக்குவது மைக். வெறும் ஆவேசத்தில் முழுப் பலத்தோடு கத்துகிறவர்தான் குரல்நாண்களை ஒன்றோடொன்று மோதவிட்டுக் காய்ப்பு வரவழைத்துக்கொள்கிறார். நியூயார்க்கின் மெலிசா கிராஸ் இப்படிப் பாடுகிறவர்களுக்கென்றே குரல் பயிற்சி கொடுத்துப் பெயர் பெற்றவர். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் 1990களின் தொடக்கத்தில் குரல் அடிபட்ட பிறகு ஆசிரியரிடம் போய்ப் பயிற்சி பெற்றார்.

உறுமலின் தொனி குரல்நாண்களின் நீளத்தை அதிகம் நம்பியிருப்பதில்லை. அதனால் ஆண், பெண் வேறுபாடு இங்கே சுருங்கிவிடுகிறது. ஆர்ச் எனிமி குழுவில் 2001 முதல் ஏஞ்சலா காசோ பாடியதைக் கேட்ட பலர் ஆண் என்றே நினைத்தார்கள். உக்ரைனின் ஜின்ஜர் குழுவில் தத்தியானா ஷ்மைலுக் ஒரே அடிக்குள் தூய சுரத்திலிருந்து உறுமலுக்கும் அங்கிருந்து திரும்பவும் போய் வருவார். அந்த மாற்றம் நடக்கும் கணத்தில் மூச்சின் அழுத்தம், மடிப்புகளின் இறுக்கம், வாயின் வடிவம் மூன்றும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். இதைத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால், அவர்களை உட்காரவைத்து அந்த ஒரு அடியை மட்டும் நான்கைந்து முறை போட்டுக் காட்டுவேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது பழக விரும்பினால் ஒரு சொல்: தொண்டை வலித்தால், மறுநாள் குரல் கம்மினால், செய்யும் முறை தவறு. வலியைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே நிறுத்துங்கள்.

பதிவும் மேடையும்

ஆல்பத்தை வைத்து ஆளை ஒப்பிடுவது ஆபத்து. ஸ்டுடியோவில் ஒரே வரியைப் பலமுறை பாடி நல்லதை ஒட்டலாம். ஒரே மெட்டை இரண்டு தடவை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குரலைத் தடிமனாக்கலாம். ஆஸியின் பதிவுகளில் இந்த அடுக்கு அடிக்கடி உண்டு. மேடையில் பல பழைய குழுக்கள் வயது ஏற ஏற கிட்டாரை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிச் சுருதி வைக்கின்றன. அது ஏமாற்று வேலை அல்ல, உடம்புக்குக் கொடுக்கும் மரியாதை. ஆனால் ஒப்பிடும்போது நாம் அதைக் கவனிக்க வேண்டும்.

மைக்கைப் பிடிப்பதும் ஒரு வித்தை. வாயை ஒட்டி வைத்தால் கீழ்ச்சுரங்கள் தடிக்கும். உச்சத்துக்குப் போகும்போது விலக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு உறுமும் வழக்கம் மெட்டலில் உண்டு. அது ஒலியை முரடாக்கும், கூடவே வார்த்தையைக் குழப்பும், ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்ற ஊளையையும் வரவழைக்கும். கொடை விழாவில் மைக் செட் போடுகிற அண்ணனைக் கேட்டால் இதைப் பற்றி நிறையச் சொல்வார்.

மேடை ஆளுமை என்பது மூச்சைப் பங்கிடும் வேலை

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். மேடை ஆளுமையைப் பாட்டுத் திறமைக்கு வெளியே உள்ள ஒன்றாகவே பேசுகிறோம். "நன்றாகப் பாடுவார், கூடவே மேடையிலும் கலக்குவார்" என்கிறோம். உடம்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இருப்பது ஒரே ஒரு மூச்சுதான்.

நீண்ட அடியைப் பாட மூச்சை மெதுவாக, அளந்து வெளியே விட வேண்டும். ஓடும் கால்களோ வேகமாக, அடிக்கடி மூச்சைக் கேட்கும். அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடித் தாவிப் பாடுகிறவர். வாள்சண்டை பழகியவர், விமானி. 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது தென்னிந்தியாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ரசிகர்கள் ரயிலேறிப் போனார்கள். அவருடைய நிகழ்ச்சிப் பதிவு ஒன்றைப் பாட்டைக் கேட்காமல் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். பெரிய ஓட்டமெல்லாம் கிட்டார் தனியாக வாசிக்கும் இடங்களில் விழும். நீண்ட சுரம் வரும்போது கால்கள் அகன்று ஊன்றி நிற்கும். எந்த இடத்தில் நிற்பது, எந்த இடத்தில் மூச்சு சேர்ப்பது என்பது பாட்டின் பகுதியாகவே அவருக்குள் இருக்கிறது.

ஓடினால்தான் ஆளுமை என்பதும் இல்லை. 2015இல் ஃபூ ஃபைட்டர்ஸின் டேவ் குரோல் மேடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் ஒரு பெரிய சிம்மாசனம் செய்து அதில் உட்கார்ந்தே பாடினார். அடுத்த வருடம் ஆக்ஸல் ரோஸுக்குக் கால் உடைந்தபோது அதே சிம்மாசனத்தைக் கடன் கொடுத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆக்ஸல், காது கேளாமல் போகும் அபாயத்தால் விலகியிருந்த பிரையன் ஜான்சனுக்குப் பதிலாக ஏசி/டிசியுடனும் பாடினார். மேடை முழுக்கப் பாம்பாக நெளிந்து ஓடும் மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே கூட்டத்தைப் பிடித்தார். ஓடும் கால்களுக்குப் போகாமல் மிஞ்சிய மூச்சும் குரலுக்குத்தானே வந்து சேரும்.

லைவ் எய்ட் நிவாரண நிதி இசை நிகழ்ச்சி எல்லோருக்கும் தெரியும். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்லி மைதானம், ஏறத்தாழ 72,000 பேர். குவீன் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 21 நிமிடம். இன்னும் வெளிச்சம் போகாத மாலை, அதனால் விளக்கு ஜாலம் எதற்கும் வழியில்லை. நடுவே ஃப்ரெடி வார்த்தையே இல்லாமல் ஒரு சுரக்கோவையைப் பாட, கூட்டம் திருப்பிப் பாடுகிறது. அவர் கொஞ்சம் கடினமாக்குகிறார். கூட்டம் மறுபடி பிடிக்கிறது. அங்கே எது பாட்டு, எது ஆளுமை என்று எவராலும் பிரிக்க முடியாது. கூட்டத்தால் எட்ட முடிந்த சுரம் எது என்று அறிந்து அந்த இடத்தில் கொடுத்தது அவருடைய காது. அவர்கள் பாடும் நேரத்தில் அவருக்கு மூச்சும் கிடைத்தது.

எங்கள் பக்கத்துக்கு இது புதுச் செய்தியும் அல்ல. 1906இல் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா இருபத்தேழு வயதிலேயே மறைந்துவிட்டவர். அப்போது இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. நாடக மேடையில் வேஷம் கட்டி, வசனம் பேசி, நடித்துக்கொண்டே, பயமுறுத்தும் உயர்ந்த சுருதியில் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடினார். அவர் பாடகரா நடிகரா என்று அந்தக் கூட்டம் பிரித்துக் கேட்டிருக்காது.

ஒரே நாற்காலி, இரண்டு ஆட்கள்

இப்போது தலைப்புச் சண்டைக்கு வரலாம். ராக் வரலாற்றில் ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி கிடையாது. இருவரும் ஒரே குழுவில், ஒரே கிட்டார்காரரோடு பாடியவர்கள். பர்மிங்காமின் பிளாக் சபாத்தில் தொடக்கம் முதல் ஆஸி ஆஸ்பர்ன் பாடினார். 1979இல் அவர் வெளியேற்றப்பட, ரானி ஜேம்ஸ் டியோ வந்தார்.

டியோவுக்கு அகன்ற, தடித்த, கட்டுப்பாடான குரல். சிறுவயதில் டிரம்பெட் வாசித்ததுதான் தனக்கு மூச்சுக் கட்டுப்பாட்டைக் கொடுத்தது என்று சொல்லிவந்தார். கிட்டார் ஒரு வழியில் போக, அதன் குறுக்கே தன் மெட்டைப் போடுவார். ஆஸிக்கு மெல்லிய, மூக்கோடு கலந்த, துளைக்கும் குரல். பல பாட்டுகளில் கிட்டார் போகும் சுரத்திலேயே கூடப் போவார். கேட்கிறவருக்கு அது ஒரு மந்திர உச்சாடனம்போல் ஆகிவிடும். குரல் நுட்பத்தில் டியோ மேலே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் நெஞ்சும் அவர் பக்கம்தான். ஆனால் சபாத்தின் முதல் ஆல்பங்களில் இருக்கும் அந்தக் கலவரமான பயம் டியோவின் நிமிர்ந்த குரலில் வராது. அதற்குத் தொலைந்துபோனவனின் குரல் வேண்டும். ஆஸியிடம் அது இருந்தது.

மேடையிலும் அப்படியே. டியோ உயரம் குறைந்தவர், கையால் பேசுவார். ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டும் கொம்பு முத்திரையை மெட்டல் உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர்தான். கண்ணேறு கழிக்க அவருடைய இத்தாலியப் பாட்டி காட்டிய சைகை அது. ஆஸி அப்படித் திட்டமிட்ட ஆள் இல்லை; குதிப்பார், கை தட்டச் சொல்வார், கூட்டத்தில் ஒருவராகவே இருப்பார். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில், பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல், கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து கடைசியாகப் பாடினார். சுரம் சில இடங்களில் தவறியது. மைதானமே கூடப் பாடி அதைத் தாங்கியது. 17 நாள் கழித்து, ஜூலை 22இல் இறந்தார்.

அடுத்த முறை வாக்குவாதம் வந்தால்

ஒரே மாதிரி வேலையை ஒப்பிடுங்கள். மேடைப் பதிவோடு மேடைப் பதிவு, முப்பது வயதோடு முப்பது வயது. நிகழ்ச்சியின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மூச்சைப் பங்கிடத் தெரிந்தவரின் குரல் கடைசியில் இன்னும் திறந்திருக்கும். உச்சத்தை விட்டுவிட்டு மெதுவான அடிகளைக் கவனியுங்கள். அங்கே ஒளிந்துகொள்ளச் சத்தம் இல்லை, சுருதி பிசகினால் அப்பட்டமாகத் தெரியும். பாடாத நேரத்தில் பாடகர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள்: கிட்டார்காரருக்கு இடம் விடுகிறாரா, கூட்டத்தைப் பார்க்கிறாரா, தண்ணீரைத் தேடி முதுகைக் காட்டுகிறாரா.

தைக்குடம் பிரிட்ஜ் போன்ற குழுவில் இந்தக் கணக்கு இன்னும் மாறும். அங்கே முன்னணிப் பாடகர் என்று ஒருவர் கிடையாது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோவிந்த் வசந்தாவின் தந்தை பீதாம்பரன் மேனன் வந்து பாடும்போது, இளைஞர்களின் ராக் சத்தத்துக்கு நடுவே மூத்த குரல் ஒன்று நிதானமாக நின்று கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பும். அவரை யாரோடு ஒப்பிடுவது என்று பையன்கள் என்னிடம் கேட்டால், அதே குழுவின் இளைய பாடகர்களோடு, அதே மேடையில், அதே இரவில் என்றுதான் சொல்வேன்.